மாதம் 800 ரூபாய் கடலுக்கும் காட்டுக்கும்: சேலத்துக்காரன் கொடுக்கலாமா?

கோரிமேட்டுக் கணக்குப்பிள்ளை (சனி, இரவு 9.40)

வணக்கம். இன்று சாயங்காலம் அஞ்சு ரோடு பக்கம் மிக்சி ஜாருக்கு பிளேடு மாற்றிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தேன். கையில் டேப்லெட்டோடு, ஒரு சுற்றுச்சூழல் அமைப்புக்கு நன்கொடை திரட்டுகிற தம்பி வழிமறித்து, "சார், ரெண்டே நிமிஷம்" என்றார். இருபது நிமிஷம் ஆனது. நிலக்கரி, காற்றாலை, சூரிய மின்சாரம், திமிங்கலம், அமேசான் காடு என்று ஒன்று விடாமல் பேசினார். கடைசியில் மாதம் 800 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி ஒரு கையெழுத்து கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் எதுவும் பொய்யாகத் தெரியவில்லை. வண்டியை எடுக்கும்போதுதான் ஒரு உறுத்தல். கடலைப் பார்க்க நான் 200 கிலோமீட்டர் தாண்டிப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும். மொட்டை மாடியில் நின்றால் தெரிவது சேர்வராயன் மலை. மாசி பங்குனியில் அங்கே தீப்பிடித்தால் ராத்திரியில் சிவப்புக் கோடு மாதிரி இறங்கி வருவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்காக இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

இந்த மாதிரிப் பிரசாரங்களால் நிஜமாக ஏதாவது நடந்திருக்கிறதா? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

தட்டுவடை செட் (சனி, இரவு 9.52)

800 ரூபாய்க்கு எத்தனை தட்டுவடை செட் வரும் என்று கணக்குப் போட்டேன். மனசு கேட்கவில்லை. கொடுக்காதீர்கள் சார்.

மஞ்சவாடியான் (சனி, இரவு 10.15)

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன், மன்னிக்கவும்.

2018-ல் எட்டு வழிச் சாலைக்குக் கல் நட்டார்களே, அந்தக் கல்லில் ஒன்று எங்கள் தோட்டத்தில் விழுந்தது. சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம். பாக்குத் தோப்பின் நடுவில் கல், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி இன்னொரு கல். மஞ்சவாடிக் கணவாய் வழியாகக் காட்டையும் கிழித்துக்கொண்டு போவதாக வரைபடம். அன்றைக்கு எங்கள் ஊருக்கு எந்த டேப்லெட் தம்பியும் வரவில்லை. எங்கள் அம்மாதான் மண்ணை வாரிக் கும்பிட்டு ஆபீசர் முன்னால் உட்கார்ந்தார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அழுகை மட்டும் கோர்ட்டில் நிற்காது. யாரோ உட்கார்ந்து சட்டத்தைப் படித்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலத்தை எடுக்கலாமா என்ற கேள்வியைப் பிடித்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது: அறிவிப்புக்கு முன்னால் அனுமதி தேவையில்லை, வேலையைத் தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது. ஆக, ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாலை வரவில்லை. பிடுங்கிப் போட்ட கல் களத்து மேட்டில் கிடக்கிறது, அதில்தான் ஆடு கட்டுகிறோம்.

என் கருத்து: அமேசானுக்குக் கொடுப்பதை நிறுத்தி, உள்ளூரில் வழக்குச் செலவுக்குக் கொடுங்கள்.

நெய்தல்கரை (ஞாயிறு, காலை 6.30)

பிறந்தது அம்மாப்பேட்டை, பிழைப்பு நாகப்பட்டினம். அதனால் இரண்டு பக்கமும் பேசுகிறேன்.

கணக்குப்பிள்ளை சார், கடல் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது பஸ் டிக்கெட் கணக்கு. தண்ணீர்க் கணக்கு வேறு. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சுகவனேசுவரர் கோயில் ஓரமாக ஊருக்குள் ஓடி, நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் விழுகிறது. நம் சாக்கடை, சாயத் தண்ணீர், சாம்பார் பொட்டலக் கவர் எல்லாம் அந்த வழியாகத்தான் புறப்படுகின்றன. மழைக்காலம் முடிந்து முகத்துவாரத்தில் வலை இழுக்கிறவர்களைக் கேட்டால், முதல் இரண்டு நாள் மீனைவிட கவர்தான் அதிகம் என்பார்கள்.

பிரசாரத்தால் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். கடல் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்த 1982-ல் முடிவெடுத்து 1986-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சிறு படகில் போய் வேட்டைக் கப்பலுக்குக் குறுக்கே நின்றவர்கள் இல்லாமல் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. அப்புறம், கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் இருக்கிற கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, கேட்பாரும் இருந்ததில்லை. அதற்கென்று ஒரு ஒப்பந்தம் 2023 ஜூனில்தான் ஐ.நா.வில் நிறைவேறியது. அறுபதாவது நாடு 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது, 2026 ஜனவரி 17-ல் அமலுக்கு வந்தது. இருபது வருஷப் பேச்சுவார்த்தை. இதற்கெல்லாம் ஆள் சம்பளம், விமான டிக்கெட், ஆராய்ச்சிக் கப்பல் எல்லாம் யாரோ மாதாமாதம் கொடுத்த காசில்தான்.

இன்னொரு பக்கம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடி வலையில் சிக்கினால் ஆமையால் மேலே வந்து மூச்சு விட முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று மாநிலக் கடல் மீன்பிடிச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இருந்தும் ஆமை சாகிறது. அங்கே பிரசாரத்துக்கு வேலை முடியவில்லை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி முழுக்க மணலில் நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். அவர்கள் யாரும் அஞ்சு ரோட்டில் நிற்பதில்லை.

மேட்டூர் சாம்பல் (ஞாயிறு, காலை 8.05)

சரி, நிலக்கரிப் பக்கம் நான் பேசுகிறேன். அப்பா மேட்டூர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. 210 மெகாவாட்டில் நாலு யூனிட், அப்புறம் 600 மெகாவாட்டில் ஒன்று. பள்ளிக்கூடம் போகும்போது வெள்ளைச் சட்டை மாலையில் வெள்ளையாக இருந்ததில்லை. கொடியில் காயும் துணியை உதறித்தான் மடிப்போம். அதனால் நிலக்கரி நல்லது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனாலும் "சுத்த மின்சாரம்" என்று வருகிறவர்கள் இரண்டு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது? என் அப்பா மாதிரி ஆளுக்கு என்ன வேலை?

பீகாரில் தர்ணை என்று ஒரு கிராமம். 2014-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் போட்டது, நாடெங்கும் செய்தி. திறந்து வைக்கும்போதே ஊர்க்காரர்களில் சிலர் "எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும்" என்று கேட்டார்கள். ஃபிரிட்ஜ் போடாதே, ஹீட்டர் போடாதே என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கொஞ்ச நாளில் அரசாங்க லைனும் வந்தது, விலையும் குறைவு. சோலார் பேட்டரி தீர்ந்தது, மாற்றவில்லை. அந்த இடத்தில் மாடு கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. நல்ல எண்ணத்தில் போட்டதுதான், அதை மறுக்கவில்லை. கிராமத்துக்கு என்ன வேண்டும் என்று கிராமத்திடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாடி மின்சாரம் (ஞாயிறு, காலை 9.20)

ஆறு மணிக்கு மேல் என்ன என்று கேட்டவருக்கு: நெட் மீட்டர் இருந்தால் பகலில் லைனுக்குக் கொடுத்து ராத்திரி எடுத்துக்கொள்கிறோம். லைனே ராத்திரியில் நிலக்கரியில்தான் ஓடுகிறது என்றால், அது நியாயமான கேள்வி.

என் கதை. மாமாங்கம் பக்கம் வீடு. 3 கிலோவாட், ஆறு பேனல், 300 சதுர அடி. மத்திய அரசு மானியம் 78,000. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வருகிறது. முன்பு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டி பில் எகிறும், இப்போது அந்தக் கவலை இல்லை. ஆனால் பேனல் மாட்டிய கம்பெனி (பெயர் வேண்டாம்) பாதிப் பேப்பரைக் கொடுக்காமல் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாலு மாதம் பேனல் வெயிலில் சும்மா காய்ந்தது. என் மனைவி அதன் நிழலில் வடகம் காயப் போட முடியவில்லையே என்று திட்டினாள்.

இன்னொன்று, இந்தப் பக்கம் வெள்ளைக்கல் தூசி. பேனலில் பவுடர் பூசின மாதிரி படியும். வாரம் ஒரு முறை விடிகாலையில் தண்ணீர் விட்டுத் துடைக்காவிட்டால் ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் குறைகிறது. இதை எந்த விளம்பரத்திலும் சொல்லவில்லை. வெயில் ஏறின பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரியும்.

குச்சிக்கிழங்கு (ஞாயிறு, மதியம் 1.10)

எல்லோரும் வானத்தைப் பார்க்கிறீர்கள். நான் சாக்கடையைக் காட்டுகிறேன்.

ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி, மூன்றாவது தலைமுறை. சேகோ ஆலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும். மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவு படிய வைத்து வடிக்கிற தண்ணீர் அது. திப்பி, அதாவது சக்கை, மாட்டுத் தீவனத்துக்கும் மற்றதுக்கும் போய்விடும். தண்ணீர்தான் தலைவலி. திறந்த குட்டையில் விட்டால் அழுகி, கிணறு கெட்டு, ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பார்கள். கொடுத்தார்கள். எங்கள் தாத்தா காலத்தில் நாங்களும்தான் கெடுத்தோம், மறைப்பதற்கில்லை.

இப்போது அந்தக் குட்டையின் மேல் கருப்பு ஷீட் போர்த்தியிருக்கிறோம். காலையில் பார்த்தால் தொய்ந்து கிடக்கும், மத்தியானம் பூரி மாதிரி உப்பி நிற்கும். உள்ளே மீத்தேன். அதைக் குழாயில் எடுத்து, முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவைப் பிரித்துவிட்டு, ஜவ்வரிசி வறுக்கும் தட்டுக்கு அடியில் எரிக்கலாம், இன்ஜினில் விட்டு கரண்டும் எடுக்கலாம். முன்பு லாரி லாரியாக விறகு வாங்கினோம். இப்போது விறகுக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மீத்தேனை அப்படியே காற்றில் விட்டால் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும் என்கிறார்கள், ஆகவே எரிப்பது இரண்டு விதத்தில் லாபம். சேலம் வட்டாரத்தில் பல ஆலைகளில் இது இருக்கிறது.

கஷ்டமும் உண்டு. குட்டைக்குள் இருக்கிற கிருமி ஒரு மாதிரி வளர்ப்புப் பிராணி. தண்ணீர் புளிப்பு அதிகமானால் சோர்ந்துவிடும், சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்ட வேண்டும். கிழங்கு வரத்து நின்றால் பட்டினி. சீசன் தொடங்கும்போது சாணித் தண்ணீர் விட்டு எழுப்புவோம், இரண்டு மூன்று வாரம் ஆகும்.

என் கேள்வி: இதை யாரும் போஸ்டரில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? திமிங்கலம் அழகு. திப்பித் தண்ணீருக்கு யார் 800 தருவார்கள்?

தட்டுவடை செட் (ஞாயிறு, மதியம் 1.18)

அண்ணா, பூரி என்று சொல்லிச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டீர்கள்.

மலைத்தோட்டத்து அக்கா (ஞாயிறு, இரவு 8.45)

ஏற்காட்டில் நாலு ஏக்கர் காபி. நாள் முழுக்கக் கவாத்து, இப்போதுதான் போனைப் பார்த்தேன்.

காடு காடு என்று பேசுகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ஜூலை மாதமானால் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து மரக்கன்று நடுகிறார்கள். ஒரு கன்றுக்கு எட்டுப் பேர் கை வைத்துப் போட்டோ. போன வருஷம் பள்ளிக்கூட வளாகத்தில் நட்ட கன்றை மாடு தின்றதா, வெயில் தின்றதா என்று திரும்பி வந்து பார்த்தவர் இல்லை. அதைவிட மோசம், புல்வெளிச் சரிவில் கொண்டுபோய்க் குழி தோண்டுகிறார்கள். புல் இருக்கிற இடமெல்லாம் தரிசு என்று நினைப்பு. காட்டெருமை எதைத் தின்னும்? சரிவில் தின்னப் புல் இல்லையென்றால் என் தோட்டத்துக்குத்தான் வரும், வருகிறது.

எங்கள் தவறும் இருக்கிறது. காபிக்கு நிழல் வேண்டும். என் மாமனார் காலத்தில் பலா, அத்தி, முள்முருங்கை என்று கலந்து நின்றன. பிறகு எல்லோரும் சில்வர் ஓக்குக்கு மாறினோம். ஆஸ்திரேலியா மரம். நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்ற வசதி, பலகைக்கும் காசு. தூரத்திலிருந்து பார்த்தால் மலை பச்சையாகத்தான் இருக்கும், செயற்கைக்கோளில் பார்த்தாலும் அப்படித்தான். உள்ளே வந்து காது கொடுத்துக் கேளுங்கள். அத்திமரம் பழுத்திருக்கும்போது பேச்சுக் குரல் கேட்காத அளவுக்குப் பறவைச் சத்தம். சில்வர் ஓக் வரிசையில் இலை விழுகிற சத்தம்தான்.

தீ விஷயம். பெரும்பாலும் தானாகப் பிடிப்பதில்லை. பீடித் துண்டு, வளைவில் நிறுத்திச் சமைக்கிற சுற்றுலாக் கும்பல், புதுப் புல்லுக்காக வைக்கிற நெருப்பு. உண்ணிச்செடி அடர்ந்து காய்ந்திருந்தால் தரையிலிருந்து மரத்துக்கு ஏணி மாதிரி ஏறும். மார்ச்சுக்கு முன்னால் தீத்தடுப்புக் கோட்டில் சருகை வாரி ஒதுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் வேலை. பச்சைக் கிளையும் கையுமாக முதலில் ஓடுவது மலைக்கிராமத்து ஆட்கள். அவர்களுக்கு ஒரு நல்ல ஷூ கிடையாது. 800 ரூபாயில் ஒரு ஜோடி வாங்கலாம்.

நெய்தல்கரை தம்பி ஆறு பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மேலே சேர்வராயன் கோயில் குகையில் சாமியோடு காவேரியம்மனும் இருக்கிறாள். குகை வழியாகக் காவிரிக்குப் பாதை இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதை இருக்கிறதோ இல்லையோ, மலைக்கும் ஆற்றுக்கும் சம்பந்தம் பேசி முடித்தவர்கள் அவர்கள்.

நெய்தல்கரை (ஞாயிறு, இரவு 10.30)

அக்கா சொன்ன புல்வெளி விஷயம்தான் என்னையும் உறுத்துகிறது. பிரசாரக்காரர்களின் சட்டையில் காற்றாலை, மீன், மரம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும். நிலத்தில் அவை ஒன்றோடொன்று சண்டை போடும்.

கடலுக்குள் காற்றாலை நட 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ஒதுக்கியது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் ஊர் நமக்கு, தரையில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் ஏற்கெனவே சுற்றுகிறது, கடலிலும் சுற்றட்டும் என்று தோன்றும். ஆனால் கடலில் தூண் நட்ட இடத்தில் வலை விரிக்க விடுவார்களா? கேபிள் போகிற வழி? மீனவர் கேட்பது இதைத்தான். ராஜஸ்தானில் கானமயில் மின்கம்பியில் மோதிச் சாகிறது என்று வழக்குப் போய், 2021-ல் கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024-ல் அதைத் தளர்த்தியது. சூரிய மின்சாரமா, பறவையா? இரண்டு பக்கமும் பச்சைதான்.

ஆகவே கணக்குப்பிள்ளை சார், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தத் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: இவை மோதும்போது உங்கள் அமைப்பு யாரிடம் கேட்டு முடிவெடுக்கிறது?

மஞ்சவாடியான் (திங்கள், காலை 7.00)

இது சரியான கேள்வி. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ரோடு போட வந்தவர்களும் கேட்கவில்லை, ரோட்டை எதிர்க்க வந்தவர்களில் பாதிப் பேரும் கேட்கவில்லை. மேடையில் எங்களை உட்கார வைத்துவிட்டு மைக்கை அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

கோரிமேட்டுக் கணக்குப்பிள்ளை (செவ்வாய், இரவு 9.15)

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். நெய்தல்கரை சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சார், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பக்கத்தில் அது இல்லை, மேலே கேட்டுச் சொல்றேன்" என்றார். சமாளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பேச்சு வளர்ந்தது. அரூர்ப் பக்கத்துப் பையன். ஒரு நாளைக்கு இத்தனை கையெழுத்து என்று இலக்கு. வெயிலில் எட்டு மணி நேரம். கடலைப் பற்றி அவ்வளவு பேசினாரே, எந்தக் கடல் பிடிக்கும் என்றேன். இன்னும் பார்த்ததில்லையாம்.

இன்று மதியம் மேலே கேட்டு ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறார். பாதி புரிந்தது, பாதி வழவழ. தானாகக் காசு போகிற கையெழுத்து வேண்டாம், ஒரு தடவை 1,000 தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர் கணக்கில் இலக்கு ஏறாதாம். பாவமாகத்தான் இருக்கிறது. வீட்டில் கேட்டால், மலைக்கு ஷூ வாங்கிக் கொடு என்கிறாள். மலைத்தோட்டத்து அக்கா, என்ன அளவு, எத்தனை ஜோடி என்று எழுதுங்கள், ஆபீசிலும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

குச்சிக்கிழங்கு அண்ணா, அந்த உப்பிய ஷீட்டை நேரில் பார்க்கலாமா? பையன் பத்தாவது, அறிவியல் திட்டம் செய்ய வேண்டுமாம்.

மலைத்தோட்டத்து அக்கா (செவ்வாய், இரவு 9.50)

எட்டு, ஒன்பது அளவு. பன்னிரண்டு பேர். ரப்பர் அடி வேண்டாம் தம்பி, சூட்டில் ஒட்டிக்கொள்ளும். தோல் ஷூ விலை கூடும் என்று தெரியும், ஆறு ஜோடியானாலும் பரவாயில்லை. மாசிக்கு முன்னால் வந்தால் போதும்.

குச்சிக்கிழங்கு (செவ்வாய், இரவு 10.05)

தாராளமாக வாங்க சார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வந்தால் உப்பியிருக்கும். பழைய செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள், தொட்டிப் பக்கம் வழுக்கும். பையனுக்கு வாடை ஒத்துக்கொள்ளாவிட்டால் மோர் இருக்கிறது.

தட்டுவடை செட் (செவ்வாய், இரவு 10.07)

நானும் வரலாமா அண்ணா? சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.